எள்ளுப் பூச்சியைப் படம் பிடித்த நாள்

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் படித்தேன். ஒரு வரி முடிவதற்குள் மலை ஏறியது போல மூச்சு வாங்குகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை! நான் கொப்பியில் எழுதுவதைப் பேத்தி போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புகிறாள்.

சூடான பல்பில் தூசி கருகும் வாசனை... அதோடு ஸ்பிரிட் வாசனை...

எழுபதுகளில், இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மூடிக் கிடந்த மருந்துக் காம்பராவில், அதாவது முன்பு மருந்து கொடுத்த அறையில், அந்த வாசனை வீசியது. பதுளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அங்கே வந்து தங்கியிருந்தார். தேயிலைப் பூச்சிகளை ஆராய்கிறவர்களுக்காகப் படம் பிடிக்க வந்தவர். அவருடைய பெட்டிகளைத் தூக்க என்னை விட்டிருந்தார்கள்.

அது கல்யாண வீட்டுக் கேமரா இல்லை. கொல்லன் துருத்தி போல இழுக்க இழுக்க நீளும். முன்னால் லென்ஸ், பின்னால் மங்கலான கண்ணாடி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் அந்தக் கண்ணாடியில் பூச்சி தெரியும், தலைகீழாக. பலகைத் தரையில் யாராவது நடந்தால் படம் கலங்கிவிடும் என்று நானா என்னை அசையவே விடமாட்டார்.

அந்த நேரத்தில்தான் என் மனைவி செல்லிக்குச் சோதனை வந்தது. அவள் கொழுந்து பறிக்கும் நிரையில் மட்டும் கிளைகள் ஒடிந்துகொண்டே இருந்தன. காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடத்தில், எல்லோர் முன்னாலும், கங்காணி கத்தினார்.

"கையா அது, கோடாலியா? விறகுக்கு ஒடிக்கிற நீ! இன்னொரு கெள ஒடியட்டும், தொரைகிட்ட சொல்லி பேர வெட்டிப்புடுவேன்!"

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும்.

அன்று மத்தியானமே இன்னொரு கிளை ஒடிந்தது. செல்லி அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்துவிட்டாள். பின்னாலேயே கங்காணி.

"நானா, ஊர்ல உள்ள பூச்சியெல்லாம் புடிக்கிறீங்களே, இதயும் புடிங்க. சும்மா வளைச்சேன், படக்குன்னு போயிருச்சு!"

ஒடிந்த இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. நானா கத்தியால் பிளந்தார். உள்ளே வளைந்து போகும் ஒரு சுரங்கம். அதிலிருந்து எள்ளை விடச் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது.

நானா பல்பைப் போடத் திரும்பியதுதான் தாமதம். செல்லி தன் தலையைத் தடவி, அந்த எண்ணெய் விரலால் பூச்சியை ஒரு தேய்...

"அல்லாவே! என்ன செஞ்சீங்க தங்கச்சி?"

"படத்துக்கு நிக்கிறப்ப பளிச்சுன்னு இருக்க வேணாமா? ஒங்க ஸ்டூடியோவுல எனக்கு எண்ண தடவி சீவச் சொன்னீங்கள்ல?"

நானா தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். ஸ்பிரிட்டில் அதைக் கழுவி, ஊசி முனையில் ஒட்டி, துருத்தியை முழுசாக நீட்டினார்.

முதலில் நான் பார்த்தேன். துணியை உதறிவிட்டு வெளியே ஓடியே போனேன்! உடம்பெல்லாம் முள், தேங்காய்த் துருவி போல வாய்... எள்ளுக்கு இவ்வளவு பெரிய முகமா?

அடுத்து கங்காணி. தலைகீழாகத் தெரிந்ததை நேராகப் பார்க்கக் குனிந்து குனிந்து பார்த்ததில், தலைப்பாகை தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"இதுவா... இதுவா நம்ம தேயிலைக்குள்ள இருக்கு?"

துணியை விட்டு வெளியே வந்து, செல்லியைப் பார்க்காமலே சொன்னார். "தொரைகிட்ட நானே சொல்றேன். நீ போயி வேலையப் பாரு."

செல்லி போகவில்லை. லென்ஸுக்கு முன்னால் கையை நீட்டினாள். "என் கையயும் பாருங்க நானா. அது கையா கோடாலியான்னு நானும் பாக்கணும்."

நானா சிரிக்காமல், தெளிவாகத் தெரியும்படி துருத்தியைச் சரிசெய்து கொடுத்தார். அவள் கையை அசைக்க முடியாதே, அதனால் நான்தான் துணிக்குள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பூச்சியைப் பார்த்தபோது ஓடினேன். இதைப் பார்த்தபோது கால் நகரவில்லை. ஒரு விரல் நுனி கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. வெயிலில் பிளந்த குளம் போல வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் தேயிலைக் கறை. தினமும் எனக்குச் சோறு போட்ட விரல்...

"என்னங்க தெரியுது?" என்றாள்.

"நல்லா இருக்கு புள்ள," என்றேன்.

பூச்சியின் படம் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. பேர் வெட்டும் பேச்சை அதற்குப் பிறகு கங்காணி எடுக்கவில்லை. கையைப் படமாக எடுக்கவில்லை, கண்ணாடியில் பார்த்ததோடு சரி. நானாவிடம் இருந்த பிலிம் எல்லாம் பூச்சிகளுக்குத்தான்.

இப்போது பேத்தி போனை எறும்புக்குப் பக்கத்தில் வைத்தாலே மீசை வரைக்கும் தெரிகிறது. துருத்தி வேண்டாம், துணி வேண்டாம். அதிசயம்தான்! ஆனால் செல்லி போய்ச் சேர்ந்து பல வருஷம். அந்தக் கை எந்தப் போனிலும் இல்லை. பார்த்ததைச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் முதன்முதலாக இதை எழுதினேன்.

கை நோகிறது, இன்றைக்குப் போதும். அடுத்த கிழமை அவள் முகத்தையும் எழுதிப் பார்க்கிறேன்.