கடலுக்கடியில ஒரு கட்டில் அளவு பச்சை

போன வருசம் மாசி மாசமுங்க. ராமநாதபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவ ஊரு. கடலுன்னா கால நனச்சுட்டு ஓடி வர்ற எடம்னு அம்பது வயசு வரைக்கும் நெனச்சுட்டிருந்த நான், அன்னைக்கு நெஞ்சளவு தண்ணியில படகு விளிம்பப் புடிச்சுட்டு நின்னேன். மேல எக்ஸ்போர்ட்ல மிச்சமான டி-சர்ட்டு, மூஞ்சியில கண்ணாடி, வாயில ஒரு குழாயி. எங்க ஊட்டுக்காரர் பாத்திருந்தா அடையாளமே தெரிஞ்சிருக்காது.

அங்க எப்படிப் போய்ச் சேந்தேன்னு சொல்லோணுமில்ல? திருப்பூர்ல எங்களுக்கு ஒரு சின்ன நிட்டிங் யூனிட். நூலக் குடுத்தா பனியன் துணியாப் பின்னித் தருவோம். மிசினு அவரு பொறுப்பு. பின்னி வர்ற துணிய லைட்டு வெளிச்சத்துல இழுத்துப் பாத்து ஓட்டை, கோடு, எண்ணெக்கறை இருந்தா ஒதுக்கறது என் பொறுப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு கோடு வெளிய போனதில்லைன்னு எனக்கு நல்லாவே திமிரு உண்டு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. அவ இந்த மிசினு, நூலு எதுலயும் ஒட்டாம, கடல்ல வளர்ற புல்லப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போயிட்டா. பாசின்னு சொன்னா அவளுக்குக் கோவம் வந்துரும். வேரு, தண்டு, பூ, வெதை எல்லாம் உள்ள நெசமான புல்லாமுங்க, தண்ணிக்குள்ளயே பூக்குதாம். அது அழிஞ்சு போன எடத்துல மறுபடியும் நட்டு வளக்கறது அவ வேலை. இத ஒறம்பரை சொந்தங்ககிட்ட எப்படிச் சொல்றது? குண்டடத்துல ஒரு கல்யாணப் பந்தியில, பொண்ணு என்ன பண்றான்னு கேட்ட ஒரு பெரியம்மாகிட்டச் சொன்னேன். "எங்க காட்டுல புல்லுப் புடுங்க ஆளு சிக்கல, உம்பட புள்ள போயி நட்டுட்டு இருக்கறாளா?"ன்னு அந்தம்மா கேட்டதுல பந்தியே சிரிச்சுது. எனக்கு மானம் போச்சு.

அதுவும் நட்டது தங்குச்சான்னா, இல்ல. மொத தடவ நீரோட்டம் அடிச்சுட்டுப் போயிருச்சு. ரெண்டாந் தடவ நல்லா வந்துட்டு, கோடையில அத்தனையும் ஒண்ணா அழுகிருச்சு. நான் கறாராச் சொல்லிட்டேன். இது கடைசித் தடவ, இதுவும் வளரலைன்னா மூட்டையக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்துரோணும், யூனிட்டப் பாத்துக்கோணும், நாங்க பாக்கற மாப்பிள்ளையக் கட்டிக்கோணும். அவ "சரிங்கம்மா"ன்னா. சொன்ன சொல்லு மாற மாட்டா எம்புள்ள. நெசத்தச் சொல்லீர்றேன், அந்தப் புல்லு வளரக் கூடாதுன்னுதான் அப்ப எனக்கு ஆசை.

புல்லு நாத்த மூங்கில் சட்டத்துல கட்டறதுக்கு நைலான் ஆகாது, மக்கிப் போற பருத்தியா வேணும்னு கேட்டிருந்தா. சாயம் போடாத கட்டிங் வேஸ்ட்டுத் துணித்துண்டு ஒரு மூட்டை எடுத்துட்டு பஸ் ஏறினேன். மூட்டை ஒரு சாக்கு. புள்ள அங்க என்னதான் பண்றா, என்ன திங்கறா, எங்க தூங்கறான்னு பாக்கோணும், அவ்வளவுதான்.

கரையில ஒரு கீத்துப் பந்தல். அதுக்கடியில ஒரு தொட்டி நெறயக் கடல்தண்ணி, தண்ணியில நாத்து. அவ படகுக்காரர்கிட்டப் பேசப் போன நேரத்துல நான் தொட்டியில எட்டிப் பாத்தேன். ஒண்ணு நல்லா நீட்டமா, கரும்பச்சையா இருக்குது. ஒண்ணு நடுத்தரம். இன்னொண்ணு கட்டையா, மஞ்சப் பாரிச்சு, பாக்கவே சீக்காளியாட்டம் இருக்குது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலந்து வெச்சிருக்கறா. சும்மா இருக்கற கையா என் கையி? உக்காந்து தனித்தனியாப் பிரிச்சு, மஞ்சளா இருந்தத எல்லாம் அக்கட்டால ஒதுக்கி வெச்சேன்.

திரும்பி வந்து பாத்தவ தலையில கைய வெச்சுட்டா. "ஏம்மா, பொறுமையா உக்காந்து கலந்து வெச்சதுங்கம்மா!"

எனக்கும் சுருக்குன்னு வந்துருச்சு. எங்க தொழில்ல கொலக் குத்தமே அதுதானுங்க. ஒரு மில்லு நூலோட இன்னொரு மில்லு நூலு கலந்து மிசின்ல ஏறிருச்சுன்னா, பின்னறப்ப ஒண்ணும் தெரியாது. சாயம் ஏறி வந்தப்பறம் துணி பூராக் கோடு கோடா நிக்கும். அத்தனையும் ரிஜெக்ட்டு. நூலுக்கே அப்படின்னா நாத்துக்கு? நல்லதையும் நோஞ்சானையும் கலந்து நட்டா நல்லதும் கெடாதா? நீட்டமா இருக்கற அந்தக் கரும்பச்சை மட்டும்தான் பஸ்ட் குவாலிட்டி, மிச்சத்தத் தூக்கி எறின்னேன்.

அவ சண்டைக்கு வரல. மூணும் ஒரே வகைப் புல்லுதான், கரும்பச்சை ஆழத்துல, மஞ்ச நாத்து வெயிலு காயற கரையோரத்துலன்னு வேற வேற எடத்துல வளந்ததுன்னா. ஒண்ணொண்ணாத் தனியாவும் நடப் போறா, மூணையுங் கலந்தும் நடப் போறா, எது தங்குதுன்னு பாக்கறதுதான் ஆராய்ச்சியே. பொறகு சிரிச்சுட்டே சொன்னா, "மொதல்ல எறங்கிப் பாருங்கம்மா. அப்பறமா என்னையத் திட்டுங்க."

நட்டு வளத்த எடத்துக்கு இல்லீங்க, மனுசன் கை படாம தானா வளந்து கெடக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. படகுக்காரர், "பயப்படாதீக அக்கா, நின்னா நெஞ்சளவு தண்ணிதேன்"னாரு. எனக்கு அந்த நெஞ்சே தடதடங்குது. பொண்ணு கையக் கெட்டியாப் புடிச்சுட்டு மூஞ்சியத் தண்ணிக்குள்ள வெச்சேன்.

அட சாமி!

எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. அமராவதிப் பாசனத்துல நெல்லு பச்சை கட்டி நிக்குமில்ல, அப்படி ஒரு வயலு, கண்ணுக்கு எட்டற வரைக்கும். காத்துக்குப் பதிலா அலைக்கு ஆடுது. எல்லாம் ஒண்ணா அந்தப் பக்கம் சாயுது, ஒண்ணா இந்தப் பக்கம் வருது. உச்சி வெயிலு உள்ள எறங்கி, ஒவ்வொரு இலையிலயும் முத்து முத்தா காத்துக் குமிழி. புல்லு மூச்சு விடுதுன்னு பின்னால சொன்னா. சத்தமே இல்ல. என் மூச்சு மட்டும் எனக்குக் கேக்குது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கடல்குதிரை ஒரு புல்ல வாலால சுத்திப் புடிச்சுட்டு என்னையவே பாத்துட்டிருந்துச்சு. ஒரு நண்டு குஞ்சு என் நெழலுக்குப் பயந்து மணலுக்குள்ள புகுந்துச்சு.

சித்த தூரத்துல, புல்லுக்கு நடுவுல வளஞ்சு வளஞ்சு ஒரு வெறுந்தடம் போச்சு. யாரோ செதுக்கி வெச்சாப்ல. பொண்ணு அதக் காட்டினா. மேல வந்தப்பறம் படகுக்காரர் சொன்னாரு, அது ஆவுளியா மேஞ்ச தடமாம். ஆவுளியான்னா கடல்பசு. ஒரு எருமையத்தனை பெருசான உசுரு, நேத்தோ முந்தா நேத்தோ இந்த எடத்துல புல்லு மேஞ்சுட்டுப் போயிருக்குது. அது தின்னு வாழறதே இந்தப் புல்லுதான். புல்லு போனா அதுவும் போயிரும். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கண்ணாடிக்குள்ள கண்ணீரு வேற.

படகுல ஏறி உக்காந்ததும், லச்சக்கணக்குல புல்லு இருக்கும் போலன்னேன். பொண்ணு கைய இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நீட்டி, "இத்தனையும் ஒரே செடியாக் கூட இருக்கலாமுங்கம்மா"ன்னா. மண்ணுக்கடியில தண்டு ஓடி ஓடி, ஒரே செடிதான் இப்படிப் பரவுமாம். நம்ம பாட்டன் பூட்டனுக்கும் முந்தியே அது இங்க எறங்கியிருக்கலாமாம்.

அப்பத்தான் அவ பயத்தையும் சொன்னா. ஒரே செடின்னா, அதுக்கு ஆகாத ஒரு சூடு வந்தாலும் ஒரு நோவு வந்தாலும் மொத்தமாச் சாஞ்சுரும். ரெண்டாந் தடவ நட்டது அத்தனையும் ஒரே எடத்து நாத்து, அதுதான் ஒண்ணா அழுகிருச்சு. வெளிய ஒரே மாதிரி தெரிஞ்சாலும் உள்ளுக்குள்ள கொணம் வேற வேறயா இருந்தா, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்னா. நான் தலைய மட்டும் ஆட்டினேன். ஆனா மனசுக்குள்ள, கரும்பச்சைதான் நிக்கும்னு இருந்தேன். இத்தன வருசக் கண்ணு சொல்றத உட முடியுமா?

ரெண்டு நாள் கூட இருந்து, மூங்கில் சட்டத்துல நாத்துக் கட்டிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துட்டேன்.

சித்திர வந்துச்சு. திருப்பூர்ல வெயிலு மண்டையப் பொளக்குது. பொண்ணு போன்ல பேசறது கொறஞ்சுது. கேட்டா, "கடலு வெந்நியாட்டம் கெடக்குதுங்கம்மா"ன்னு மட்டும் சொன்னா. அந்த நேரம் பாத்து வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு நல்ல வரன். பையன் படிச்சவன், தோட்டங்காடு இருக்குது, எங்க ஊட்டுக்காரருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. நான் குதிச்சிருக்கோணும். ஆனா துணிய இழுத்துப் பாத்துட்டு இருக்கறப்பவே கையி நின்னு போகுது, கண்ணு முன்னால அந்தக் குமிழி வந்து நிக்குது. ஒரு நாளு சாமி ரூமுல நின்னு, ஆத்தா, அந்தப் புல்லக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டேன். எங்க கொலதெய்வத்துகிட்ட கடல் புல்லுக்கு வேண்டுதல் வெச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

ஆனி மாசம் கூப்பிட்டா. "நாளன்னைக்கு எறங்கிப் பாக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களாம்மா?" நான் அன்னைக்கே பஸ் ஏறிட்டேன்.

மொதல்ல என் கரும்பச்சை நட்ட எடம். மூங்கில் சட்டம் இருக்குது, துணித்துண்டு மக்கி நூலு நூலாத் தொங்குது, புல்லு இல்ல. வெறும் சேறு. பஸ்ட் குவாலிட்டி! நடுத்தரமும் அதே கதி. மஞ்ச நாத்துத் தனியா நட்ட எடத்துல சட்டமே தெரியல. அது சூட்டத் தாங்கியிருக்கும், ஆனா கட்டையா இருந்ததுனால பங்குனிக் காத்துல மணலு ஏறி மூடிருச்சுன்னா. ஒவ்வொண்ணையும் பாக்கப் பாக்க அவ மொகம் சுண்டிப் போச்சு. கடைசி எடத்துக்கு வர மாட்டேன்னு படகப் புடிச்சுட்டு நின்னுட்டா. தண்ணின்னா நடுங்கற நான்தான் அவ கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

கலந்து நட்ட எடமுங்க அது. அங்கயும் முக்காவாசி போயிருச்சு. ஆனா நடுவுல, ஒரு கட்டில் அளவுக்கு, பச்சை! நான் ஒதுக்கித் தள்ளுன அந்தக் கட்டை மஞ்ச நாத்து வேரூணிப் புதுத் துளிரு உட்டு நிக்குது. நீட்டப் புல்லு உசுரோட இருந்த வரைக்கும் மணல மறிச்சிருக்குது, அது வாடினப்ப கட்டைப் புல்லு சூட்டத் தாங்கி மண்ண விடாமப் புடிச்சிருக்குது. அதுக்குள்ள பத்திரமாக் கெடந்த நீட்டப் புல்லு வேருல இருந்து அங்கொண்ணு இங்கொண்ணாக் கரும்பச்சைத் துளிரு. யாரு யாரக் காப்பாத்துனாங்கன்னே சொல்ல முடியல. ஒரு துளிரு மேல கட்டைவிரல் நகத்தளவு ஒரு மீனு வந்து நின்னுச்சு. அதுக்குள்ள குடி வந்துருச்சு பாருங்க. நான் தண்ணிக்குள்ளயே "கண்ணு"ன்னு கத்தி, கால் படி உப்புத்தண்ணி குடிச்சேன்.

மேல வந்து படகுல உக்காந்தோம். அவ அழுதுட்டே சிரிச்சா, சிரிச்சுட்டே அழுதா. பொறகு மொகத்தத் தொடச்சுட்டு, என்னைய நேராப் பாத்துச் சொன்னா. "ஆனா நெறயப் போயிருச்சுங்கம்மா. இத வளந்துச்சுன்னு சொல்ல முடியாது. நான் குடுத்த வார்த்தைப்படி ஊட்டுக்கு வந்தர்றேன்."

அந்தப் பச்சையக் காட்டி என்னைய ஏமாத்தியிருக்கலாம், எனக்கு என்ன தெரியும்? நானு எதுக்கு ஆசப்பட்டனோ அத எம்புள்ள கையில எடுத்து நீட்டறா. வாங்கிக்கறதுக்கு என் கையி வரலீங்க. ஒத்தக் கோட்டுக்கு ஒரு ரோலு துணியவே ரிஜெக்ட் பண்ணுனவ நான், முக்காவாசி செத்துப் போன அந்தப் பாத்திய, "பாஸு கண்ணு, நீ இங்கயே இரு"ன்னேன். கரைக்கு வந்ததும் ஊட்டுக்காரருக்குப் போன் போட்டு, அந்த வரனுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லீருங்கன்னு சொல்லிட்டேன். அவரு அன்னைக்குப் போட்ட சத்தம் தனிக் கதை.

இன்னமும் அவ கடல்ல எறங்கறான்னா எனக்குப் பதைக்குதுங்க, அது மாறல. ஆனா நம்ம கண்ணுல கூடப் படாத ஒரு உசுரு நாளைக்கு மேயறதுக்கு எம்புள்ள புல்லு நடறாங்கறப்ப, அவ எனக்கு மட்டுந்தான்னு எப்படிங்க சொல்லுவேன்?