பந்தய ரோட்டில் இரண்டு வாட்ச்

என் வாட்ச் தினமும் காலையில் என்னைக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடியதென்னவோ தார் ரோட்டில்தான். ஓடி முடித்து போனைத் திறந்தால், நான் வந்த பாதையைக் காட்டும் ஆரஞ்சுக் கோடு, புளியமரங்கள் அடர்ந்த இடத்தில் ரோட்டை விட்டு விலகும். தண்ணீருக்குள் இறங்கி இரண்டு மூன்று வளைவு வளைந்து, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கரையேறும்.

"ஏடி, நீ ஓடுறியா, இல்ல கம்மாய்ல அயிரை மீன் புடிக்கிறியா?" என்று மதினி கேட்பாள்.

மதினி என் தாய்மாமா மகள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பக்கத்துத் தெரு. புதுக்கோட்டையில் ஒரு வங்கியில் வேலை. ஓட்டத்தை எனக்கு முன்பே ஆரம்பித்தவள். என்னிடம் இருப்பதும் அவளிடம் இருப்பதும் ஒரே கம்பெனி வாட்ச்தான். ஆனால் அவளுடையது புது மாடல். என்னுடையது குவைத்தில் இருக்கும் அண்ணன் போட்டுச் சலித்துப்போய் எனக்குக் கொடுத்தது. வார் அறுந்து ஒருமுறை மாற்றியாகிவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல், சரியாக விநாடி தெரியும் இடத்தில்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பழைய வாட்ச் என் மணிக்கட்டில் அதிர்ந்தது. பத்து கிலோமீட்டர். நேரம் ஐம்பத்தெட்டு நிமிடத்துச் சொச்சம். கீறலுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு வெற்றிக் கோப்பை மின்னியது. கல்லூரி முடித்து, வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்க்க ஆரம்பித்து, உட்கார்ந்தே மரத்துப்போன காலை உதறுவதற்காக ஓடத் தொடங்கியவள் நான். பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது அந்த வருடம் முழுக்க எனக்கிருந்த ஒரே வெறி. மூச்சு அடங்கும் முன்பே படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன். கைதட்டல்கள் குவிந்தன. அண்ணன் குரல் பதிவே அனுப்பினான்.

"கலக்கிட்ட பாப்பா! ஒனக்குப் புது மாடலு வாங்கித் தாரேன். அடுத்த வாரம் ஊருக்கு வாரேன்ல, வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்குத்தான் கடைக்குப் போறேன். எந்தக் கலருன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லு."

அன்று பகல் முழுக்கக் கலர் யோசனையிலேயே போயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதினியும் என்னோடு அதே ரோட்டில் ஓட வந்தாள். ஒரே இடத்தில் கிளம்பி, ஒரே இடத்தில் திரும்பி, ஒரே இடத்தில் நின்றோம். என் வாட்ச் பத்து என்றது. அவளுடையது ஒன்பது புள்ளி ஆறு சொச்சம் என்றது.

மதினி நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு அதே நிதானத்தோடு குரூப்பில் எழுதினாள்: "நேற்றைய சாதனையில் கண்மாய் நீச்சலும் சேர்ந்திருக்கிறது. பத்து ஆகவில்லை."

"மதினி, அழிங்க அதை!"

"ஏன், பொய்யா சொல்லிப்புட்டேன்? ரெண்டு வாட்ச்சுல எது புதுசு, எது பழசு?"

"ஊரே இந்த ரோட்டைப் பத்துங்குது. ஒங்க வாட்ச்சு மட்டும் இல்லைங்குமாக்கும்?"

ஊரே பத்து என்றது உண்மைதான். அது எங்கள் ஊர்ப் பந்தய ரோடு. அரிமளம் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. எங்கள் ஊரில் சின்ன மாடு பிரிவுக்கு எல்லை போய்வர ஆறு மைல். பிள்ளையார் கோயில் முன்னால் கிளம்பி, கண்மாய்க்கரையை ஒட்டிப் போய், கொடி நட்ட கம்பத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். திருவிழா முடிந்து கொடியைக் கழற்றினாலும் கம்பம் அங்கேயே நிற்கும். பால் வண்டிக்காரரிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை யாரைக் கேட்டாலும் பந்தய ரோடு போய்வரப் பத்து கிலோமீட்டர் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். என் வாட்சும் பத்து என்று சொன்னபோது ஊரும் வாட்சும் ஒன்றாகச் சாட்சி சொன்னதுபோல இருந்தது.

இப்போது அந்தப் பத்து ஆடியது. புது வாட்ச் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி எனக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. மதினி சொல்வது சரியென்றால் நான் இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடவில்லை. ஓடாத ஓட்டத்துக்குப் பரிசாகப் புது வாட்சை வாங்கிக் கட்டிக்கொள்வதா? அந்த நினைப்பே கூசியது.

ஆனாலும் ஆசை விடவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு நடுநடுவே விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். இரட்டை அலைவரிசையாம், மரத்தடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் பாதை பிசகாதாம். வெயிலிலும் பளிச்சென்று தெரியும் திரையாம். உள்ளேயே வரைபடமாம், தெரியாத ஊரில் ஓடினாலும் வழி காட்டுமாம். போன மாதம் நான் சித்தன்னவாசலில் ஓடியதை நினைத்துக்கொண்டேன். அங்கே வழி தவற வேண்டுமென்றால் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். தூக்கத்துக்கு மதிப்பெண் போடுமாம். அதற்கு வீட்டில் அம்மா இருக்கிறார், தினமும் காலையில் போடுகிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு வாட்ச் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவதாக ஒன்றைத்தான் கேட்க வேண்டும். கொட்டகையில் கிடந்த அண்ணனின் பழைய சைக்கிளை வெளியே இழுத்தேன். காற்றடித்து, முன்சக்கரக் கம்பி ஒன்றில் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். வாசல் சிமெண்டுத் தரையில் சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி, அந்த நீளத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். பத்தால் வகுத்தால் ஒரு சுற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும். இனி பிள்ளையாரிலிருந்து கம்பம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், ரிப்பன் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணினால் போதும்.

எண்ணுவதற்கு மதினியைத் தவிர வேறு ஆள் கிடையாது. வங்கியிலிருந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல் வந்துவிட்டாள். நான் தோற்பேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"நூறுக்கு ஒரு புளியங்கொட்டை. நான் பையில போடுவேன். நீ பேசக் கூடாது. பேசுனா எண்ணிக்கை போயிரும்."

"சரிங்க கேஷியரம்மா."

"பேசாதேன்னேன்!"

நான் தள்ள, அவள் ரிப்பனைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தபடி நடந்தாள். நூறு வந்ததும் நோட்டுக்கட்டைத் தட்டி வைப்பதுபோலக் கொட்டையைத் தட்டிப் பைக்குள் போட்டாள். ஆடு பத்திக்கொண்டு எதிரே வந்த ஓர் அக்கா நின்று பார்த்தார்.

"என்னத்தா, பஞ்சரா?"

மதினி எண்ணிக்கையை விடாமல் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"பின்னே எதையும் தொலைச்சுட்டீகளா?"

"நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு… பத்து கிலோமீட்டரை அக்கா, நாப்பத்தொம்பது… இவதான் தொலைச்சுட்டா, அம்பது…"

"அப்ப ரோட்டுல தேடி என்ன செய்ய, டாக்டருகிட்டல்ல போகணும்," என்று சொல்லிவிட்டு அக்கா ஆடுகளோடு போய்விட்டார். சிரிப்பில் எனக்குச் சைக்கிள் ஆடியது. மதினி மட்டும் சிரிக்கவில்லை.

கம்பத்தடியில் கொட்டைகளை எண்ணி, போனில் பெருக்கிப் பார்த்தேன். போகும் வழி மட்டும் நாலு புள்ளி எட்டு சொச்சம். இரண்டால் பெருக்கினால் அப்படியே மதினியின் வாட்ச் சொன்ன கணக்கு. அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் கம்பத்தைப் பார்த்தேன். பந்தயக் கம்பம். போய்வர ஆறு மைல். சும்மா, ஒரு பொறி தட்டியதில், கிலோமீட்டரை மைலாக மாற்றினேன். போக மூன்று. வர மூன்று. அச்சு அசலாக ஆறு.

"மதினி! பந்தயக்காரங்க ரோட்டைச் சரியாத்தான் அளந்திருக்காங்க. ஆறு மைல் ஆறு மைல்தான். நாமதான் அதைப் பத்தாக்கிட்டோம்! ஆறு மைலுன்னா ஒம்பதரைக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான்."

அவள் தன் போனில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். "அட, ஆமாடி. எங்கப்பா, ஒங்கப்பா, ஊருச் சனம் மொத்தமும் இத்தனை வருசமா…" அப்போதுதான் சிரித்தாள். ஊரே சேர்ந்து வாயாலேயே ரோட்டை நீட்டி வைத்திருந்தது. அந்த நீட்டலை என் வாட்ச் புளியமரத்தடியில் தட்டுத்தடுமாறித் தற்செயலாக ஈடுகட்டியிருந்தது.

எனக்கு வருத்தமே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், அதனால் எங்கே ஓட வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. கம்பத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் சக்கரத்தை உருட்டி, சரியாக ஐந்து ஆகும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு பக்கம் வேலிக்கருவை, மறுபக்கம் பம்புசெட்டு ரூம். அங்கே ரோட்டோரம் மறுநாள் மதினி கோலமாவில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டாள். "இதைச் சுத்தித் திரும்பு. அதுக்கு அப்புறம் பேசிக்கலாம்."

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் கிளம்பினேன். மதினி தன் புது வாட்சைக் கழற்றி என் வலது கையில் கட்டினாள். இடது கையில் என்னுடைய பழையது.

"ரெண்டு கையிலயும் கட்டிக்கிட்டு எங்கிட்டுடி போற, கடை போடவா?" என்று வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

பிள்ளையார் முன்னால் இரண்டையும் ஒன்றாக அழுத்தினேன். மதினி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். பந்தயத்தன்று வண்டிகளுக்குப் பின்னால் பைக்கில் கத்திக்கொண்டு போவார்களே, அதே கத்தல்.

"விடாத! தட்டிவிடு, தட்டிவிடு! சின்ன மாடு மொத வண்டி வருது, வழி விடுங்க!"

"யாரு மாடு?"

"பேசாத, மூச்சு போயிரும்!"

கோல நட்சத்திரம் பனியில் கரைந்து, ஏதோ டிராக்டர் ஏறிப் பாதி அழிந்திருந்தது. மீதியைச் சுற்றித் திரும்பினேன். திரும்பும் வழியில் கண்மாய்க்காற்று முகத்தில் அடித்தது. கால் கனத்தது. புளியமரங்களைத் தாண்டி, தெருமுனைக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு வந்தபோது இடது கை அதிர்ந்தது. பத்து கிலோமீட்டர்! கோப்பை! ஐம்பத்தெட்டு நிமிடத்தில் வந்துவிட்டாய், வாழ்த்துகள்!

வலது கை வாய் திறக்கவில்லை.

எனக்கு எந்தக் கையும் தேவைப்படவில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து பிள்ளையார் வரை எவ்வளவு என்று என் காலுக்கே தெரியும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் அது. ஒரு மணி நேரம் ஆக இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. தலையைக் குனிந்துகொண்டு விட்டேன் பாருங்கள் ஓர் ஓட்டம்! பின்னால் ஸ்கூட்டியின் ஹாரனும் மதினியின் கத்தலும் ஒன்றாகிவிட்டன. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். கோயில் வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போது வலது கை அதிர்ந்தது. வாசல்படியில் கைவைத்து இரண்டையும் நிறுத்தினேன்.

மதினி என் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பத்து. ஐம்பத்தொன்பது நிமிடம், அதற்குமேல் ஐம்பதுக்குச் சற்றுக் கூடுதலான விநாடிகள்.

"ஏடீ!" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள், வேர்வையோடு, அலுவலகச் சேலையோடு.

அவள் வாட்ச் அருமையான வாட்ச். ஒரு தப்பும் சொல்ல முடியாது. சைக்கிள் சொன்னதையே அது மரத்தடியிலும் பிசகாமல் சொன்னது. ஆனால் கழற்றிக் கொடுத்தபோது என் கைக்கு ஏக்கமே இல்லை. என் பழைய வாட்ச் எவ்வளவு பொய் சொல்லும் என்பது இப்போது எனக்கு அளந்து தெரியும். அது கோப்பை காட்டும் இடத்தில்தான் நான் ஓடவே ஆரம்பிக்க வேண்டும். நேரத்தை அது ஒழுங்காகத்தான் காட்டுகிறது. தூரத்துக்குச் சைக்கிளும் ரிப்பனும் இருக்கின்றன. அடுத்து குடுமியான்மலை ரோட்டில் ஒரு நீண்ட ஓட்டம் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. அதற்கு ஒரு பை நிறையப் புளியங்கொட்டை வேண்டும்.

அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "அண்ணே, வாட்ச் வேணாம். ஷூ வாங்கிட்டு வா. இதுல பெருவிரல் வெளிய எட்டிப் பாக்குது."

உடனே பதில் வந்தது. "என்ன பாப்பா, மதினி சொன்னதுக்குக் கோவமா? வாட்ச் வாங்கத்தானே போறேன்?"

நான் பதில் சொல்வதற்குள் குரூப்பில் மதினி எழுதிவிட்டாள். இரண்டு வாட்சும் பிள்ளையார் கோயில் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படம். அடியில்: "பத்து. சக்கரத்தை எண்ணியது நான். இனி யாரும் பேசக் கூடாது."

கைதட்டல்கள் மறுபடி குவிந்தன. அவற்றுக்கு நடுவே அண்ணனிடமிருந்து ஒரு வரி.

"சைஸ் சொல்லு."