கிணற்று மேட்டில் விட்ட புல்

ஈப்போவில் மழை விட்டதும் யாரோ புல் வெட்டுகிறார்கள். அந்தப் பச்சை வாசம் ஜன்னலில் நுழைந்தால் போதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் நாங்கள் இருந்த சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்தில், சின்னப் பிள்ளையாக அம்மாவின் ஈரச் சேலையைப் பிடித்தபடி நிற்பேன்.

மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சட்டம். “மேட்டுக்கு மொட்டை போட்டாச்சு” என்பாள் அம்மா. மழை பெய்தால் அந்த மொட்டை மேட்டுச் செம்மண் கரைந்து, தூக்கத்தில் நடப்பதுபோல மெல்ல இறங்கி, எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கிணற்றில் கலக்கும். அதைக் குடித்துத்தான் என் தம்பி வயிறு போய், கண் குழிந்து கிடந்தான். அதன்பிறகு அம்மாவும் அவளோடு களையெடுக்கும் பெண்களும் கிணற்றுக்கு மேலே ஒரு பட்டை புல்லைத் தொடாமல் விட்டார்கள். மழைத்தண்ணீர் அதில் தயங்கி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டுத் தெளிவாக இறங்கியது.

வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதைப் பார்த்துவிட்டார். “நாளைக்குத் துரை வாராரு. இது யாரு களையெடுக்குற நிரை?”

“அக்கா நிரைங்க” என்றாள் அம்மா, பக்கத்து வீட்டுக்காரியைக் காட்டி.

“எனக்கு அடுத்தவ நிரைங்க” என்றாள் அந்த அக்கா. இப்படியே விரல் கடைசிப் பெண்வரை போனது.

“அப்ப பேய் வந்து வச்சுட்டுப் போச்சா? வெட்டுங்க.”

கிணற்றடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த கங்காணியின் மனைவி நிமிர்ந்தாள். “நான்தான் விடச் சொன்னேன். வெட்டணும்னா வெட்டுங்க. அப்புறம் உங்களுக்குச் செந்தண்ணியிலதான் சோறு பொங்குவேன்.”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

“துரை கேட்டா, மழையில வேலை முடியலன்னு சொல்லிக்கிறேன்” என்று முணுமுணுத்த கங்காணி, புல்லை மிதிக்காமல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.