மாமா சுமந்த அம்மி

என் மாமாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதற்கு எனக்குத் தினமும் ஒரு துண்டு வெல்லம் கூலி. அவர் அம்மாவின் ஒரே தம்பி. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் காலையில் கர்லாக்கட்டை சுற்றுவார், தண்டால் எடுப்பார், துவைக்கிற கல்லை மூச்சை அடக்கித் தலைக்கு மேல் தூக்குவார். எல்லாம் முடிந்ததும், "கேளு பாப்பா, எப்படி ஓடுது?" என்பார். "ரயிலு மாதிரி ஓடுது மாமா" என்று சொன்னால்தான் வெல்லம். நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறதோ அவ்வளவு பலம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எனக்கு ஏழு வயது. வெல்லம் கிடைக்கும்வரை எந்தக் கண்டுபிடிப்பும் எனக்குச் சம்மதம்தான்.

அது யுத்த காலம். மாமாவுக்குப் பட்டாளத்தில் சேரவேண்டும் என்று பைத்தியம். அம்மா மூன்று நாள் அழுதாள். "கூடப் பொறந்தவன்னு ஒருத்தன்தான் இருக்கற. ஒன்ன அனுப்பிட்டு நான் எப்படிடா சோறு திம்பேன்?" என்று கேட்டாள். மாமா அசையவில்லை. கடலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். பெரியம்மா வீடும் அங்கேதான் என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் தன் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வேப்பமரத்துக்குப் பின்னே போய் நூறு தண்டால் எடுத்தார். நெஞ்சு புடைக்க, வேர்வை சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. டாக்டர் அவர் கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிப் பந்தை அமுக்கினார். பாதரசம் ஏறிற்று. டாக்டரின் புருவமும் ஏறிற்று.

"ஏம்பா, ரயிலு பின்னாடியே ஓடி வந்தியா?"

"இல்ல சார், நூறு தண்டால் எடுத்துட்டு வந்தேன். நெஞ்சு எப்படி அடிக்குது பாத்தீங்களா!"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். தண்டாலும் கர்லாவும் நாடியை விரட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் ரத்தக் கொதிப்பு சட்டென்று மேலே போகும். நன்றாகப் பழகிய உடம்பாக இருந்தால் சும்மா இருக்கும்போது நாடி நிதானமாக அல்லவா அடிக்கவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். "அடுத்த வாரம் வா. அன்னிக்கு ஒரு துரும்பக்கூடத் தூக்காத. அதான் ஒனக்குக் கடைசி வாட்டி."

வீட்டுக்கு வந்து மாமா இதையெல்லாம் ஒப்பித்தபோது அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நின்றது.

"மூச்ச அடக்கித் தூக்கினா ஏறிடும்னாரா?"

"ஆமாக்கா. செத்த நேரம் ஒக்காந்தா எறங்கிடுமாம்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை.

அந்த வாரம் முழுக்க மாமா கர்லாவைத் தொடவில்லை. சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "பட்டாளத்துக்குப் போறியா, சாமியாராப் போறியா மச்சான்?" என்று அப்பா கேலி செய்தார். எனக்குத்தான் வெல்லம் போயிற்று.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா எங்கள் அம்மியையும் குழவியையும் சாக்கில் சுற்றிக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். பெரியம்மா கேட்டாளாம், கொடுத்துவிட வேண்டுமாம்.

"டாக்டர் ஒண்ணும் தூக்க வாணாம்னாரே அக்கா."

"ஒன்னால முடியலன்னா சொல்லுடா. கூலிக்கு ஒரு ஆளப் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை போதும். சாக்கு மாமாவின் தோளில் ஏறிவிட்டது. அம்மா என்னைத் தனியே இழுத்து, "ரயில விட்டு எறங்கினப்புறம் மாமா நடுவுல எறக்கி வச்சா எங்கிட்ட வந்து சொல்லணும், என்ன?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஜட்காக்காரர் ஒருவர், "ஏறு தம்பி, கல்ல வண்டியில போடு" என்றார். மாமா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தார். கெடிலத்துப் பாலத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. இறக்கி வைக்கப் போனார். "அம்மாகிட்ட சொல்லிடுவேன்!" என்றேன். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, மறுபடி தூக்கிக்கொண்டார். மஞ்சக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

பெரியம்மா வீடு அதையும் தாண்டித் தேவனாம்பட்டினம் சாலையில். மஞ்சக்குப்பத்திலேயே இருந்த ஆள் எடுக்கும் இடத்தை நெருங்கும்போதே மாமாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மியைத் தாழ்வாரத்தில் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ரப்பர் பட்டை, பந்து, பாதரசம். டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "யாருது இந்த அம்மி?" என்று கேட்டார். மாமா தலை குனிந்தார். டாக்டர் காகிதத்தில் மாமாவின் பெயர் மேல் கோடு போட்டார்.

பாவம் மாமா. அங்கிருந்து வழியெல்லாம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி அந்த அம்மியைச் சுமந்தார். பெரியம்மாவோ சாக்கை அவிழ்த்துப் பார்த்து வாயில் கை வைத்தாள். "எனக்கெதுக்குடா இது? எங்கிட்டயே ரெண்டு கெடக்குதே!"

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா என்னைத்தான் கேட்டாள், "எறக்கி வச்சானா?"

"ஒரு வாட்டிகூட இல்ல! நான் உடவேயில்ல!"

அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு மாமாவுக்கு இலை போட்டு, அந்த டாக்டர் நாசமாய்ப் போக என்று திட்டிக்கொண்டே நெய்யை ஊற்று ஊற்றென்று ஊற்றினாள். அன்று தேறிப்போனவர்களில் எங்கள் தெருப் பையன் ஒருவனும் உண்டு. அவன் வீட்டுக்குக் கொஞ்ச காலம் கடிதம் வந்தது.

புது அம்மி வாங்க அப்பாவுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் அரைத்தாள். "ஒன் அம்மி எங்கடி?" என்று அந்த வீட்டு அத்தை ஒரு நாள் கேட்டாள்.

"எங்கக்கா இல்லன்னு கேட்டுது. குடுத்துட்டேன்."

"பெரியம்மாகிட்ட ரெண்டு அம்மி இருக்குதே!" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எங்கள் கொல்லையில் மாமா கர்லா சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளிவிட்டு, அவள் ஏன் சிரித்துக்கொண்டே அரைக்கிறாள் என்று நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.