கேம்ஷாஃப்ட் வெளியே வந்த வழி

இன்று வீட்டிலேயே லாரி இன்ஜினின் கேம்ஷாஃப்டை மாற்ற உட்கார்ந்தேன். நானாகக் கற்ற வேலை. மெக்கானிக் தேவையில்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, நீளத் தண்டான பழையதை முன்பக்கமாக உருவினேன். பாதி வந்ததும் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு பாய் எட்டிப் பார்த்தார்.

"சொவுத்தாண்ட லாரி மூஞ்சிய வெச்சு நிறுத்தாதன்னு அப்பவே சொன்னேன்ல அண்ணாத்த? நாலு பேரு சேந்து தள்ளுனா வண்டி பின்னால போவுது."

"உன் வேலையப் பாரு, பாய்."

நாளை வண்டி கிளம்பாவிட்டால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. சுவர் என்னுடையது. உடைத்தேன்.

கேம்ஷாஃப்ட் அவர் வீட்டுப் பக்கம் தலை நீட்டியது. அதைத் தாங்கிப் பிடித்தபடி ஓட்டை வழியாகக் கேட்கிறார்: "நாஸ்தா துன்னியா, அண்ணாத்த?"

புதியதை மாட்டிவிட்டேன். வண்டி ஓடுகிறது. கொத்தனார் வேண்டாம். சிமெண்டுக்கு எவ்வளவு மணல் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.