படத்தில் இல்லாத ஹெர்பர்ட்

என் வீட்டுக்காரர் ஹெர்பர்ட் சொன்ன சொல் தவறாதவர். நல்ல குணம்தான், ஆனால் அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1991இல் ஆஸ்பத்திரி லேப் பயிற்சிக்காக அவரை ஒரு வருடம் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். காக்ஸ் டவுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் பிள்ளைகளும் கூடவே போனோம். லாயிட்டுக்கு ஏழு வயது, கேரலுக்கு நாலு. கிளம்பும்போது என் அண்ணன் சிரில் தன் கேமராவைக் கொடுத்து, "மாப்ள, இத வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்றார். அண்ணன் சொன்னது வழியில் போகிறவர்களை. இந்த மனிதர் என் கையில்கூடக் கொடுக்கவில்லை.

எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்மில்லர் கோட்டை என்றால் பிள்ளைகளுக்கு உயிர். லீவு விட்டால் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு அங்கேதான். ஊர் திரும்பி ஆல்பம் போட்டால் பக்கம் பக்கமாக நானும் பிள்ளைகளும். ஹெர்பர்ட் ஒன்றில்கூட இல்லை.

கேரல் அந்த ஆல்பத்தைப் பார்த்தே வளர்ந்தாள். "டாடி எப்பவும் டியூட்டியில இருந்தார், இல்ல மம்மி?" என்பாள்.

"அப்ப போட்டோ எடுத்தது யாரு, கோட்டையில இருந்த பேயா?"

"நீங்க சொல்றது சரி மம்மி. ஆனா கோட்டைன்னா எனக்கு நீங்களும் லாயிடும்தான் ஞாபகம் வருது."

ஹெர்பர்ட் சிரித்துக்கொண்டே பேப்பரை விரிப்பார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

2009இல் கேரல் எடின்பரோவிலேயே மேற்படிப்பை முடித்தாள். பட்டமளிப்புக்கு நாங்கள் இருவரும் போனோம். பிளேன் ஏறியதிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு. "அவள கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகணும். அங்க நின்னா ஞாபகம் வராதா?" எனக்குப் பாவமாக இருந்தது.

கோட்டையில் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். "இங்கதான் நீ விழுந்த. இங்கதான் ஒளிஞ்ச." கேரலின் முகம் வாடிவிட்டது.

"சாரி டாடி, நெஜமா ஒண்ணும் வரல."

"பரவாயில்ல, விடும்மா," என்றார்.

மேலே போய்விட்டு இறங்கினோம். வளைந்து வளைந்து இறங்கும் குறுகலான கல்படி. அவர் முன்னால், கேரல் நடுவில், நான் கடைசி. பாதியில் கேரலுக்குக் கால் இடறியது. சட்டென்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"டாடி, அன்னைக்கு உங்க தலை ஈரமா இருந்துச்சு."

அவர் திரும்பவில்லை.

"மழை. உங்க குல்லாவ எனக்குப் போட்டுவிட்டீங்க. அது கண்ண மறைச்சிடுச்சு. நான் உங்க முடியப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன்."

இதை நாங்கள் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது.

"அப்ப முடி இருந்துச்சும்மா," என்றார் ஹெர்பர்ட்.

கீழேயிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. வழிவிட வேண்டும் என்று தெரிந்தும், அந்த வழுக்கைத் தலையிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை.