சீலிங்காரரின் வலது கை

சட்டை மாட்டும்போது வலது கையைத்தான் முதலில் நுழைக்கிறார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளையை இழுப்பதுபோல் இழுத்துச் சட்டைக்குள் தள்ளுகிறார். "வாங்க மாப்பிள்ளை, உங்களுக்காகத்தான் வீடே காத்துக் கிடக்கு" என்று அந்தக் கையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். மனைவி உதவிக்கு வந்தால் போச்சு. "நான் என்ன கைக்குழந்தையா? தள்ளு அந்தப் பக்கம்!"

பெயின்டர்கள் பலர் உண்டு. சீலிங்காரர் என்றால் இவர் ஒருவர்தான். சுவர் அடிப்பதையும் கதவு அடிப்பதையும் இவர் வேலையாகவே மதிப்பதில்லை. "சுவரு யாரு வேணா அடிக்கலாம். வழிஞ்சா தரையில வழியும். சீலிங் வழிஞ்சா மூஞ்சியிலதானே வழியும்!" மூக்குக் கண்ணாடியில் எந்நேரமும் வெள்ளைப் புள்ளிகள், துடைப்பதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கும் முன் அண்ணாந்து பார்க்கிறார். "எவன் அடிச்ச கண்றாவி இது?" என்பதுதான் பல வீடுகளில் இவர் பேசிய முதல் வார்த்தை.

தோளில் வலி தொடங்கியதும் இவர் செய்துகொண்ட வைத்தியம் ஒரு பெயின்டருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. புதுப் பூச்சு காயும்வரை யாரும் தொடக்கூடாது என்பது இவர் சட்டம். அதையே தோளுக்கும் போட்டார். பழைய துண்டால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தார். "தொடாதே, உள்ள ஆறிக்கிட்டு இருக்கு" என்று மனைவியை விரட்டினார். துண்டை அவிழ்த்த அன்று கை தோள் மட்டத்துக்கே வரவில்லை. தலை வார முடியவில்லை. இவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது.

மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு இவர் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தைத் திருப்பச் சொன்னாள். விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

"அப்போ கழுத்து நரம்பு இல்லைங்க ஐயா. கோளாறு தோள்லயேதான்." ஒரு கையை முஷ்டியாக மூடி, மறு கையின் நாலு விரலால் அதைப் பொத்திக் காட்டினாள். "இந்த மூட்டு ஒரு பந்து மாதிரி. அது உட்கார்ற கிண்ணத்துக்கு ஆழமே கிடையாது. நாலு தசைதான் இப்படி இழுத்துப் பிடிச்சிருக்கு. அதுல மேல இருக்கிற ஒண்ணு எலும்புக்கு அடியில சந்துக்குள்ள போகுது. கையைத் தலைக்கு மேலயே நீட்டி வேலை செஞ்சா, அதோட நார் உரசி உரசிப் புண்ணாயிடும். அது முதல் கோளாறு. கட்டி வச்சதுல மூட்டைச் சுத்தி இருக்கிற உறையும் இறுகிப்போச்சு. அது நீங்களா வாங்கிக்கிட்டது."

"ஈரம் காயட்டும்னு விட்டேம்மா."

"இது பெயின்ட் இல்லீங்க ஐயா."

எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்தார். "நான் ஏறி நிக்கிற சாரம் இன்னும் கொஞ்சம் உயரமா இருந்திருந்தா?"

"கையை முழுசா நீட்ட வேண்டியிருக்காது. உரசலும் குறைஞ்சிருக்கும்."

அன்றுதான் இவர் கோபத்துக்கு முகவரி கிடைத்தது. இவருக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் எங்கே சாரம் கட்டினாலும் ஒரு தட்டு குறைத்தே கட்டுவார். கேட்டால், "உங்க கைதான் நீளமாச்சே அண்ணே!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் பெருமையோடு சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. "பாராட்டுறான்னு நெனச்சேன்டி! ஒரு தட்டுப் பலகையை மிச்சம் பிடிக்க என் தோளையே முட்டா வச்சிருக்கான்!"

மருத்துவமனைப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சி எளிதானது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே மேலே நடந்து ஏற வேண்டும். பெயின்டர் வீட்டுச் சுவர் என்பதால் அது பெயின்டைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. உச்சியில் ஒரு பல்லி. "நீ என்னடா வேடிக்கை பாக்குறே?" என்று அதற்கும் திட்டு விழும்.

போன வாரம் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோதுதான் காண்ட்ராக்டர் வந்தார். பெரிய மண்டப வேலை. சீலிங் இவருக்கு என்று முன்பே பேசியிருந்தது.

"அண்ணே, சீலிங்குக்கு வேற ஆளைப் போட்டுட்டேன். நீங்க கீழ கதவுக்கு உப்புத்தாள் தேயுங்க. கை தூக்க முடியலைன்னாங்களே?"

"எவன் சொன்னான்?"

"எங்க, தூக்குங்க பாப்போம்."

மனைவி முறைத்தாள். இவர் திரும்பவில்லை. விரல்கள் சுவிட்ச் பெட்டியைத் தாண்டின. காலண்டர் ஆணியைத் தொட்டு நின்றன. கழுத்து நரம்பு புடைத்தது.

"உன் பலகை எட்டாத இடத்துக்கெல்லாம் இந்தக் கைதான்டா எட்டுச்சு! புதுசா வர்றவனுக்காவது இன்னொரு தட்டு கட்டு!"

 வெளியே வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

"போயிட்டாரு. இறக்குங்க" என்றாள் மனைவி.

இவர் கையை இறக்கவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் சுவரைச் சுரண்டிக்கொண்டு, ஆணிக்கு மேலே ஒரு நகம் அளவு ஏறியது.